கடிதத்தைப் பிடித்திருந்த கை

1

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இங்கே அதை மெர்டேக்கா என்கிறார்கள். மூன்றாம் ஆண்டு விழாவுக்காக மலாக்காவில் எங்கள் காஜா பெராங் சாலையில் கடைக்குக் கடை கொடி கட்டியிருந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் ஊர்வலம் பார்த்துவிட்டு வரும் வழியில் பாய் கடையில் மிளகாய்த்தூள் வாங்க நின்றோம். பாய்க்குப் பூர்வீகம் நாகூர். வெகுகாலமாக இங்கே மளிகை வைத்திருக்கிறார். அன்று அவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய மருமகன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளித் தாளை, அதாவது இந்த ஊர் டாலர் நோட்டை, இடது கையால் நீட்டினார். மருமகன் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்ன பெரியவரே, நல்ல நாளும் அதுவுமா நொட்டாங்கையால குடுக்குறீங்க? சோத்துக் கையால குடுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் வாயைத் திறந்தால் அந்தக் கடையில் ஒரு வாரத்துக்கு வியாபாரம் நடக்காது. ஆனால் நான் தொடங்குவதற்குள் இவர் சிரித்துவிட்டார்.

"அந்தக் கை லீவுல இருக்கு தம்பி. இப்போதைக்கு இதுக்குத்தான் டூட்டி."

சட்டைக் கையை விலக்கி, துவண்டு தொங்கும் வலது கையைக் காட்டினார். மருமகன் முகம் வெளுத்து, எழுந்து நின்று, இரண்டு கையாலும் காசை வாங்கிக்கொண்டார். மிளகாய்த்தூள் கொஞ்சம் கூடவே கட்டிக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு அந்தச் சிரிப்பே நினைவில் நின்றது. மூன்று வருடத்துக்கு முன்னால் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் மனுஷர் மிளகாய்த்தூளும் வேண்டாம், கடைத்தெருவும் வேண்டாம் என்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பார். இந்த நாட்டுக்கு மெர்டேக்கா எப்படி வந்தது என்று பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. இவருக்கு இந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்பதை நான்தான் எழுத வேண்டும்.

2

என் பெயர் சொர்ணம். நாகப்பட்டினத்தில் பிறந்தவள். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு, கல்யாணமான கையோடு கப்பலேறி இங்கே வந்தேன். வீட்டுக்காரர் தங்கவேலு, புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் ஆலையில் உருளை மெஷினில் வேலை. நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுச் சட்டையும் ரவிக்கையும் தைக்கிறேன். காஜா பெராங்கில் பாதிப் பேர் முதுகில் என் தையல்தான் இருக்கிறது. எங்களுக்கு ஒரே மகள், ரஞ்சிதம். கான்வென்ட் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகள் அவளை ரஞ்சி ஆக்கிவிட்டார்கள். நாம் தமிழில் கேட்டால் அவள் பாதி மலாயிலும் பாதி இங்கிலீஷிலும் பதில் சொல்லி, மனமிரங்கி முடிவில் ஒரு "அம்மா" சேர்த்துக்கொள்வாள். "அம்மா, சூசா லா" என்றால் கஷ்டம் என்று அர்த்தம். அவளுக்குக் காலையில் எழுந்திருப்பது சூசா, தமிழ் எழுதுவது சூசா, எண்ணெய் வைத்துத் தலை பின்னுவது ரொம்ப சூசா.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் பிறவியில் நொட்டாங்கைக்காரி. சின்ன வயதில் இடது கையால் சோற்றைத் தொட்டேன் என்று என் அம்மா அந்தக் கையைப் பழைய புடவைக் கிழிசலால் இடுப்போடு கட்டிவிடுவாள். அவிழ்த்தால் அடி. "யாருக்காவது இந்தக் கையால ஒரு சாமானை நீட்டினே, கை இருக்காது பாத்துக்க" என்பாள். அடியிலேயே என் வலது கை சோறு தின்னக் கற்றுக்கொண்டது. கத்தரிக்கோலை மட்டும் இன்றுவரை இடது கையால்தான் பிடிக்கிறேன், அதுவும் வாசலில் ஆள் இல்லாதபோது.

3

மெர்டேக்காவுக்குச் சில மாதம் முன்னால் விபத்து நடந்தது. ரப்பர் பால் உறைந்து கட்டியானதும் அதை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தகடாக்க வேண்டும். தகடு உள்ளே ஏறும் நேரம் பார்த்துக் கையை எடுத்துவிட வேண்டும். இத்தனை வருடம் சரியாக எடுத்தவர் ஒரு நாள் ஒரு நொடி பிந்திவிட்டார். ஆஸ்பத்திரியில் விரல்களைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பார்வைக்கு ஐந்து விரலும் இருக்கும். ஆனால் பிடி கிடையாது, உணர்ச்சி கிடையாது. சூடான தம்ளரைத் தொட்டாலும் தெரியாது.

ஊனத்தை மதிப்பிட்டு நஷ்டஈடு கொடுக்கச் சட்டம் இருக்கிறது என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். ஆலைக்கு வழக்கமாகப் பார்க்கும் வெள்ளைக்கார டாக்டரிடம் போகச் சொல்லிக் கடிதம் வந்தது.

அன்று நான் செய்த கூத்தைக் கேளுங்கள். விடிந்ததும் அவருக்கு முகம் மழித்துவிட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்டேன். நான் தைத்த வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு மாட்டி, ஒவ்வொரு பொத்தானாக நானே போட்டுவிட்டேன். பெரிய இடத்துக்குப் போகிறோம், மனுஷராகப் போக வேண்டாமா? மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அவரிடமும் சொன்னேன். "போடி" என்றார், ஆனால் கண்ணாடியில் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

டாக்டர் அறைக்குள் நானும் போனேன். டாக்டர் கை நீட்டினார். இவர் ஆலைக் கடிதத்தை வலது கையால், குனிந்து, இடது கையை வலது கைக்கு அடியில் தாங்கிக் கொடுத்தார். பெரியவர்களுக்கு நாம் அப்படித்தான் கொடுப்போம். இங்கே மலாய்க்காரர்களும் அப்படித்தான். பிறகு டாக்டர் கையைத் தொட்டுப் பார்க்காமலே ஒவ்வொன்றாகக் கேட்டார். விரலை அசைக்க முடியுமா? "போலே, துவான்." வேலை செய்ய முடியுமா? "போலே, துவான்." வலி இருக்கிறதா? இல்லை என்று தலையாட்டல். போலே என்றால் முடியும். துவான் என்றால் ஐயா. மலாயாவில் இறங்கிய நாள் முதல் இவர் அதிகம் பேசிய மலாய் இந்த இரண்டு வார்த்தைதான். துரை கேட்டால் முடியும் என்றுதான் சொல்ல வேண்டும், முடியாது என்றவனுக்கு மறுநாள் வேலை இருக்காது என்பது அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது.

நான் பக்கத்தில் நின்று என்ன செய்தேன் தெரியுமா? எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

4

அறிக்கை தபாலில் வந்தது. இங்கிலீஷ். ரஞ்சி அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாள்.

"ஆள் சுத்தமா, நீட்டா வந்திருக்கிறார்னு போட்டிருக்கு. சட்டை பட்டன் எல்லாம் ஒழுங்கா போட்டிருக்காம். அப்புறம்... லெட்டரை ரைட் ஹேண்ட்ல கொடுத்தாராம், தயக்கமே இல்லாம. எல்லாம் முடியும்னு அப்பாவே சொன்னாராம்."

"அதனாலே?"

"அதனாலே குறை சின்னதுதானாம். பழைய வேலைக்கே ஃபிட்டாம்." பிறகு ஒரு வரியை இரண்டு தடவை படித்தாள். "அம்மா, அடுத்த மாசம் மெஷினுக்குத் திரும்பணுமாம்."

நஷ்டஈடு குறைந்தால் குறைந்துவிட்டுப் போகிறது, என் தையல் மெஷின் இருக்கிறது. ஆனால் அதே உருளை. சுட்டாலே தெரியாத கையை அதன் வாயில் கொடுத்தால், உருளை இழுப்பது இவருக்கு எப்படித் தெரியும்? இந்தத் தடவை தோள்வரை போகும்.

"இவ்வளவுதான்னா இவ்வளவுதான். துரையே எழுதிட்டாரு. நீ ஏன் குதிக்கிற?" என்றார் வீட்டுக்காரர்.

"அவர் பாக்காததை எழுதிட்டாரு. இந்தாங்க, அன்னிக்கு லெட்டரைக் குடுத்த மாதிரியே இதை என்கிட்ட குடுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"குடுங்கன்னா குடுங்க."

அலுத்துக்கொண்டே கொடுத்தார். வலது கையில் காகிதம், அடியில் இடது கை. நான் வாங்கவில்லை. குனிந்து பார்த்தேன். தைக்கும்போது மேல் துணி தானாக நிற்பது போலத் தெரியும், உண்மையில் அதை நிறுத்தி வைத்திருப்பது அடியில் குத்திய குண்டூசியாக இருக்கும். தையல்காரிக்கு அது தெரியும். காகிதத்தைப் பிடித்திருந்தது அடியில் இருந்த இடது கையின் கட்டைவிரல். வலது கை சும்மா நடுவில் படுத்திருந்தது.

அவருக்கே அது தெரியாது. மரியாதைக்கு வைத்த கை என்றைக்கோ முழு வேலையையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. பொத்தான் போட்டது நான். முகம் மழித்தது நான். டாக்டர் எழுதியதில் பாதி என் கைவேலை, மீதி எங்கள் மரியாதை. டாக்டர் மேல் இருந்த கோபத்தை என் மேலும் கொஞ்சம் பங்கிட்டுக்கொண்டேன். கொஞ்சம்தான்.

5

எங்கள் சாலையிலேயே மலாக்கா செட்டிகளின் குடியிருப்பு இருக்கிறது. ஊரில் இருக்கும் நீங்கள் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நம்மைப் போல விபூதி பூசுவார்கள், மாரியம்மனுக்குப் படையல் வைப்பார்கள், வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுவார்கள், பெயரும் நம் பெயர்தான். ஆனால் தமிழ் தெரியாது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். பேச்சு மலாய், நடுநடுவே நம் வார்த்தை ஒன்றிரண்டு தலைகாட்டும். அங்கே நாயக்கர் என்று ஒருவர் வீட்டு முன்னறையில் டைப்ரைட்டர் வைத்து மனு எழுதிக் கொடுப்பார். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். நான் அவரிடம் போய் என் ஓட்டை மலாயில் விஷயத்தைச் சொன்னேன்.

மறுபரிசோதனை கேட்டு மனுப் போடலாம் என்ற நாயக்கர், கூடவே ஒரு யோசனையும் சொன்னார். மறுபரிசோதனைக்குப் போகும்போது முகம் மழிக்காமல், கிழிந்த சட்டையோடு அழைத்துப் போங்கள், பார்த்ததும் இரக்கம் வரும் என்றார்.

"அது நடக்காது. என் புருஷன் பிச்சைக்காரன் இல்லை. சட்டை வெள்ளையாத்தான் இருக்கும். பட்டனைப் போட்டது யாருன்னு எழுதுங்க," என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டைப் அடித்தார். கடிதம் கொடுத்த விஷயத்துக்கு வந்தபோது எனக்கு மலாய் போதவில்லை. மேஜையில் இருந்த ஒரு தாளை எடுத்து, இடது கையை அடியில் தாங்கி, நடித்துக் காட்டினேன். நாயக்கர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"நாங்களும் இப்படித்தான்," என்றார் மலாயில். "என் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது."

பிறகு அவர் வெகு வேகமாக அடித்தார். முடித்து, மனுவை என்னிடம் நீட்டினார். வலது கையில் மனு, அடியில் இடது கை. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

வீட்டுக்காரர் மூன்று நாள் கையொப்பம் போடவில்லை. "நான் துரைகிட்ட பொய் சொன்னேன்னு ஆயிடும்" என்பது அவர் வாதம். நான்காம் நாள் ரஞ்சி அவர் எதிரில் உட்கார்ந்தாள். "அப்பா, மெஷினுக்குப் போகாதீங்க," என்றாள். மலாய் கிடையாது, இங்கிலீஷ் கிடையாது. சுத்தமான தமிழ். அவர் பேனாவை இடது கையில் எடுத்தார். கையொப்பம் கோழி கிளறியது போல வந்தது.

6

மறுபரிசோதனைக்கு அழைப்பு வருவதற்குள் மெர்டேக்கா வந்துவிட்டது. அதுவரை இவர் மெஷினுக்குத் திரும்பத் தவணை கேட்டு நாயக்கர் ஆலைக்குத் தனியாக ஒரு கடிதம் அடித்திருந்தார், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். தொழிலாளர் அலுவலகத்து வாசலில் புதுக் கொடி பறந்தது. உள்ளே நாற்காலிகள் பழையவைதான். அதிகாரி ஒரு மலாய்க்காரர், இளவயது. பக்கத்தில் அரசாங்க டாக்டர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்று அறிந்ததும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நம் ஆள், நம் வழக்கம் தெரிந்தவர், சொல்லாமலே புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

அதுதான் என் தப்பு. "அழைப்புக் கடிதத்தைத் தாங்கோ," என்று டாக்டர் கை நீட்டினார். இவர் கொடுத்தார், அதே மாதிரி, இடது கையை அடியில் தாங்கி. டாக்டரும் அதே மாதிரி, தன் இடது கையை அடியில் தாங்கி வாங்கிக்கொண்டார். வெள்ளைக்காரருக்கு நம் வழக்கம் தெரியாததால் கண்ணில் படவில்லை. இந்த டாக்டருக்கு அது மூச்சு விடுவது போலப் பழகிப்போனதால் கண்ணில் படவில்லை. பிறகு அவர் பழைய அறிக்கையைப் புரட்ட ஆரம்பித்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்துவிடப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா, கடிதத்தைத் திருப்பிக் குடுங்க," என்றேன்.

"என்னம்மா?"

"அவர்கிட்ட குடுங்க. இன்னொரு தரம் அவர் குடுக்கட்டும்."

டாக்டர் விளங்காமலே கொடுத்தார். இவர் வாங்கி, மறுபடி நீட்டினார். அடியில் இடது கை.

"அந்தக் கையை எடுங்க."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இருபது வருடம் குடும்பம் நடத்தியதில் நான் அவரை நாலு பேர் முன்னால் அதட்டியது கிடையாது. வீட்டுக்குள் அதட்டியதற்குக் கணக்கில்லை, அது வேறு.

"சொர்ணம், வேணாம்," என்றார் மெதுவாக.

"எடுங்க."

இடது கையை எடுத்தார். கடிதம் ஒரு கணம் விரல்மேல் நின்றது. பிறகு வழுக்கி, மேஜை விளிம்பில் பட்டு, தரையில் விழுந்தது.

இவர் குனியப் போனார். "எடுக்க வேண்டாம்," என்றார் டாக்டர். எழுந்து வந்து, இவர் கையைத் தன் கையில் எடுத்து, ஒவ்வொரு விரலாக அழுத்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, இவரை வேறு பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டுக் குத்தினார். இவர் சுவரில் இருந்த நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். குத்தியதே தெரியவில்லை.

"சட்டைப் பொத்தான் ஆர் போட்டது?"

"நான்," என்றேன். "சவரமும் நான்தான். தலை வாரினதும் நான்தான். அன்னிக்கும் நான்தான். அந்த டாக்டர் கேக்கலை, நானும் சொல்லலை."

அதிகாரி முன்னால் சாய்ந்து, இவரைப் பார்த்து மலாயில் கேட்டார். அந்த மெஷின் வேலை உங்களால் முடியுமா, முடியாதா?

இவர் நாக்கு நுனியில் "போலே" வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அவர் கீழே கிடந்த கடிதத்தைப் பார்த்தார்.

"தா போலே, துவான்," என்றார்.

முடியாது, ஐயா. நான் அவர் வாயிலிருந்து அதற்கு முன் கேட்காத வார்த்தை. சொல்லி முடித்ததும் அவர் கண் கலங்கியது. எனக்கும்தான், மறைப்பானேன்.

7

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டார், படுத்தார், எழுந்தார். ஏதாவது வேண்டுமென்றால் ரஞ்சியிடம் சொல்லி அனுப்பினார். நாலு எட்டு வைத்தால் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வந்துவிடும் வீடு எங்களுடையது. அதில் ஒரு ஆள் பேசாமல் இருந்தால் இரண்டு ஆள் இருப்பது போல நெருக்கம். "அப்பாவுக்குக் கோபம் இல்லை லா அம்மா, வெட்கம்," என்றாள் ரஞ்சி. அவளுக்கு இதெல்லாம் புரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் செய்தது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் பார்வை ஊசி போல உள்ளே இருந்தது. என் அம்மா என் கையை இடுப்போடு கட்டியபோது நானும் அவளை அப்படித்தான் பார்த்திருப்பேன். அவள் மறைக்கக் கட்டினாள், நான் தெரிய அவிழ்த்தேன். பார்ப்பவர்களுக்கு முன்னால் கூசிப்போவது இரண்டிலும் ஒன்றுதான்.

தீர்ப்புக் கடிதம் வந்தது. ரஞ்சி அகராதி இல்லாமலே வாசித்தாள். முதல் அறிக்கை தள்ளுபடி. வலது கை பயன் இழந்தது பெருங்குறை. மெஷின் வேலைக்குத் தகுதி இல்லை. நஷ்டஈடு அதற்கு ஏற்றபடி. பிறகு நானே ஆலைக்குப் போய் வாதாடி, வாயிற்கதவுப் பக்கம் லாரிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வாங்கிக் கொடுத்தேன். அது பின்னால் நடந்தது. கடிதம் வந்த அன்று அவர் அதை வாங்கி மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

மறுநாள் காலை நான் ஒரு கல்யாண ரவிக்கைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. போய்ப் பார்க்க எழுந்தேன். அவரே வந்துவிட்டார். கோப்பி கலந்திருந்தார். பாதி சட்டையில் சிந்தியிருந்தது. பொத்தான்கள் திறந்தே கிடந்தன.

வழக்கம்போல வலது கையை நீட்டப் போனவர் நிறுத்தினார். அதைத் தொங்கவிட்டார். தம்ளரை இடது கையில் நேராகப் பிடித்து நீட்டினார்.

"இடது கைதான் இருக்கு," என்றார். "வாங்கிக்கிறியா?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். என் அம்மா கட்டி வைத்த கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.